எபோலிக்கு அப்பால் ஒரு மருத்துவர்

மருத்துவப் பட்டம் பெற்ற பிறகு அதை மடித்துப் பெட்டியில் வைத்துவிட்ட ஒருவரைப் பற்றி எழுதப் போகிறேன். அவர் பெயர் கார்லோ லேவி. இத்தாலி நாட்டவர். ஓவியர், எழுத்தாளர், பாசிச எதிர்ப்பாளர், பிற்காலத்தில் செனட் சபை உறுப்பினர் என்று அவருக்குப் பல முகங்கள் உண்டு. இருப்பினும், மருத்துவப் புலத்தில் பயிலும் என்னை ஈர்த்தது, அவர் விரும்பாமலே ஏற்றுக்கொண்ட மருத்துவப் பணிதான். நூலகத்தில் அவருடைய நூலின் ஆங்கில மொழிபெயர்ப்பை எடுத்தபோது, அது ஒரு பயணநூலாக இருக்கும் என்றே எண்ணினேன். மலை உச்சி ஊர்கள், குகை வீடுகள், வெண்ணிறப் பள்ளத்தாக்குகள் எல்லாம் அதில் இருக்கின்றன. ஆனால் அவற்றைச் சுற்றிப் பார்க்கச் சென்றவர் எழுதிய நூல் அல்ல அது. கையில் விலங்கோடு அங்கே கொண்டுபோய் விடப்பட்டவர் எழுதியது.

தொடங்கும் முன் ஒரு சிறு விளக்கம். ஆஷ்விட்ஸ் வதைமுகாமிலிருந்து உயிர்தப்பி எழுதிய பிரிமோ லேவி வேறொருவர். இருவரும் துரின் நகர யூதர்கள், இருவரும் எழுத்தாளர்கள் என்பதால் பலர் குழப்பிக்கொள்கிறார்கள்.

கார்லோ லேவி 29 நவம்பர் 1902-இல் வட இத்தாலியின் துரின் நகரில் வசதியான யூதக் குடும்பத்தில் பிறந்தார். தாய்மாமன் கிளாவுடியோ திரேவெஸ் அக்காலத்துச் சோசலிசத் தலைவர்களுள் ஒருவர். ஆகவே அரசியல் பேச்சு அவர் வீட்டில் சோற்றோடு பரிமாறப்பட்டது எனலாம். துரின் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் படித்து 1924-இல் பட்டம் பெற்றார். சில ஆண்டுகள் மருத்துவ ஆய்விலும் ஈடுபட்டார். ஆனால் மனம் தூரிகையின் பக்கமே சாய்ந்தது. 1929-இல் துரின் நகரின் ஆறு ஓவியர்கள் என்று பெயர்பெற்ற குழுவில் அவரும் ஒருவர்.

அந்த வயதில் அவரை மிகவும் பாதித்த நண்பர் பியேரோ கொபெத்தி. இருபது வயதிலேயே இதழ் நடத்தி முசோலினியை எதிர்த்து எழுதிய இளைஞர். பாசிசக் குண்டர்களால் தாக்கப்பட்டு, நாட்டைவிட்டு வெளியேறி, 1926-இல் பாரிசில் இறந்தார். அப்போது அவருக்கு வயது 24. ஏறக்குறைய என் வயது! லேவி அதற்குப் பிறகு ஓவியத்தோடு ஒதுங்கியிருக்கவில்லை. 1929-இல் பாரிசில் தோன்றிய ‘நீதியும் சுதந்திரமும்’ என்ற பாசிச எதிர்ப்பு இயக்கத்தில் சேர்ந்து, துரின் நகரில் அதன் முக்கியப் புள்ளிகளில் ஒருவரானார். 1934-இல் கைதாகி விடுதலையானார். 1935 மே மாதம் மீண்டும் கைதானார். உரோம் நகரச் சிறையில் சில வாரங்கள் இருந்தபின், அவரைத் தெற்கே லுக்கானியாவுக்கு நாடுகடத்துவதுபோல் அனுப்பினார்கள்.

இந்தத் தண்டனையைச் சற்று விளக்க வேண்டும். நீதிமன்றமோ வழக்கோ கிடையாது. ஒரு குழு கூடி முடிவு செய்தால் போதும். எதிர்ப்பாளரை ஏதாவது ஒரு தீவிலோ ஒதுக்குப்புறமான மலை ஊரிலோ குடியிருக்கச் செய்துவிடுவார்கள். ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது. கடிதங்களை ஊர்த்தலைவர் பிரித்துப் படித்த பிறகே அனுப்புவார். அதே ஊரில் இருக்கும் மற்றத் தண்டனைக்காரரோடு பேசக் கூடாது. லேவி இருந்த ஊரில் இப்படி இருவர் முறைவைத்து இருவருக்குமாகச் சமைத்தார்களாம். சமைத்தவர் மற்றவருக்கான தட்டை ஒரு சுவர்மீது வைத்துவிட்டு விலகிப் போய்விடுவார். அவர் போன பிறகு மற்றவர் வந்து எடுத்துக்கொள்வார். நெருங்கினால் குற்றம், தட்டு மட்டும் நெருங்கலாம்!

முதலில் அவர் வைக்கப்பட்ட ஊர் கிராசானோ. 1935 ஆகஸ்ட் மாதம் அங்கு வந்தார். சில வாரங்களிலேயே அங்கிருந்து பெயர்த்து, இன்னும் தொலைவில் உள்ள அலியானோவுக்கு அனுப்பினார்கள். நூலில் அந்த ஊரைக் கலியானோ என்று எழுதுகிறார்.

அலியானோ என்ற ஊரைக் கற்பனை செய்து பாருங்கள். களிமண் மலைகள். மழை அரித்து அரித்துச் செங்குத்தான வெண்ணிறப் பள்ளங்களாகிவிட்ட நிலம். அந்தப் பள்ளங்களுக்கு நடுவே எஞ்சி நிற்கும் ஒரு முதுகெலும்பின்மேல் வீடுகள் ஏறியும் இறங்கியும் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. மரம் அரிது. ஊர்ச் சதுக்கத்தின் ஓரத்திலேயே ஒரு பாதாளம். முன்னொரு காலத்தில் கொள்ளையர்கள் வடநாட்டுப் படைவீரன் ஒருவனைப் பிடித்து அதில் தள்ளிவிட்டதால், அப்பள்ளத்துக்கு அவன் பெயராகவே ஆகிவிட்டது. அந்த வீரனும் லேவியின் பகுதியைச் சேர்ந்தவன்தான்! விவசாயிகளின் வயல்களோ ஊருக்குப் பக்கத்தில் இல்லை. விடியுமுன் கழுதையோடு மணிக்கணக்கில் இறங்கிப் போய், இருட்டிய பிறகு ஏறி வர வேண்டும். ஆற்றோரத் தாழ்நிலத்தில் மலேரியா. அதற்குப் பயந்துதான் மக்கள் குன்றின் உச்சியில் குடியிருந்தார்கள். ஆனால் வயிறு அவர்களைத் தினமும் கீழே இறக்கியது. மலை உச்சி ஊர்களின் படங்களைப் பார்த்து அழகு என்று வியக்கும் நாம், அவை ஏன் உச்சியில் இருக்கின்றன என்று கேட்பதில்லை.

ஊருக்கு வந்த முதல் நாளே விவசாயிகள் லேவியைச் சூழ்ந்துகொண்டார்கள். வந்திருப்பவர் மருத்துவர் என்ற செய்தி அதற்குள் பரவியிருந்தது. ஒரு வீட்டில் ஒருவர் மலேரியாவால் செத்துக்கொண்டிருந்தார். லேவி பல ஆண்டுகளாக நோயாளிகளைத் தொட்டதில்லை. தனக்குப் பயிற்சி போதாது, ஊரில்தான் இரண்டு மருத்துவர்கள் இருக்கிறார்களே என்று மறுத்துப் பார்த்தார். விடவில்லை. கையைப் பற்றி முத்தமிட்டு இழுத்துச் சென்றார்கள். போனபோது காலம் கடந்துவிட்டது. அந்த மனிதர் இறந்துபோனார். தோல்வியோடு தொடங்கிய மருத்துவப் பணி அது! ஆனாலும் மறுநாளும் வந்தார்கள், அதற்கு மறுநாளும் வந்தார்கள். ஊரில் இருந்த இரு மருத்துவர்கள்மீது அவர்களுக்கு நம்பிக்கை இல்லை. ஒருவர் மூப்பினால் தளர்ந்தவர், மற்றவர் விவசாயிகளை வெறுத்தவர்.

வீடு வீடாகப் போனபோது லேவி பார்த்தவை பல. ஏறக்குறைய ஒவ்வொரு படுக்கையின் மேலும் இரண்டு படங்கள் தொங்கின. ஒன்று வியஜானோ ஊரின் கறுப்பு மாதா. மற்றொன்று அமெரிக்க அதிபர் ரூசவெல்ட்! இத்தாலி மன்னரும் இல்லை, முசோலினியும் இல்லை. இந்த ஊர்களிலிருந்து ஏராளமானோர் அமெரிக்காவுக்குப் பிழைக்கப் போயிருந்தார்கள். அவர்களுக்கு உரோம் என்பது வரி வாங்கும் இடம். சொர்க்கம் என்று ஒன்று இருந்தால் அது நியூயார்க்.

வரி என்றதும் ஆடு நினைவுக்கு வருகிறது. ஆடுகள் பயிரை மேய்ந்து பாழாக்குகின்றன என்று அரசு ஆடுகளுக்கு வரி விதித்தது. பயிரே இல்லாத களிமண் மேட்டில், முள்ளைத் தின்று பால் தருவது ஆடு ஒன்றுதான். வரி கட்டப் பணமில்லாத விவசாயிகள் ஆடுகளை வெட்டிவிட்டார்கள். பாலும் போயிற்று, பாலாடைக்கட்டியும் போயிற்று. இன்னொன்றும் சொல்ல வேண்டும். குடிநீருக்கே திண்டாடிய அந்த ஊரின் சதுக்கத்தில் அரசு ஒரு நவீனப் பொதுக் கழிப்பிடத்தைக் கட்டிவைத்திருந்தது. அதைச் செய்தளித்தது துரின் நகர நிறுவனமாம். கோழிகளும் நாய்களும்தான் அதைப் பயன்படுத்தின. பிள்ளைகள் அதில் காகிதக் கப்பல் விட்டார்கள். இதைப் படித்தபோது சிரிப்பு வந்தது. சிரித்து முடித்ததும் சங்கடமாகவும் இருந்தது.

லேவியைப் பார்க்க அவருடைய சகோதரி லூயிசா துரினிலிருந்து வந்தார். அவரும் மருத்துவர். 1930-களில் ஒரு பெண் மருத்துவர் என்பதை நாம் கவனிக்க வேண்டும். அனுமதிச் சீட்டில் முத்திரை பெறுவதற்காக அவர் மாகாணத் தலைநகரான மத்தேராவில் இறங்கினார். தம் சகோதரருக்கு ஒரு ஸ்டெதஸ்கோப் வாங்கலாம் என்று மருந்துக் கடைகளில் கேட்டார். கிடைக்கவில்லை. தலைநகரிலேயே ஸ்டெதஸ்கோப் இல்லை! பிறகு அந்த ஊரைச் சுற்றிப் பார்க்க நடந்தார். மேலே அரசு அலுவலகங்கள் இருந்த புதிய பகுதி. அதன் விளிம்பிலிருந்து ஆழமான மலையிடுக்கை நோக்கிச் சரியும் பள்ளத்தில் ‘சாசி’ என்னும் குகைக் குடியிருப்பு. மென்மையான சுண்ணாம்புக் கல்லைக் குடைந்து உண்டாக்கிய வீடுகள் அடுக்கடுக்காக இறங்கின. ஒரு வீட்டின் கூரைதான் மேல் அடுக்கு வீட்டின் தெரு. சாசோ காவெயோசோ, சாசோ பாரிசானோ என்று இரு பிரிவுகள்.

வெயிலுக்காகக் கதவுகள் திறந்திருந்தன. கதவைத் தவிர வெளிச்சம் வர வேறு வழியில்லாத அறைகள். ஒரே குகையில் குடும்பம் முழுவதும், கூடவே கழுதை, பன்றி, கோழி. பிள்ளைகளின் முகம் கிழவர் முகம்போல் சுருங்கியிருந்தது. டிரக்கோமா என்னும் கண்நோயால் இமைகள் வீங்கி, ஈ மொய்த்தாலும் விரட்டத் தெம்பில்லாமல் வாசற்படிகளில் உட்கார்ந்திருந்தார்கள். மலேரியாவால் வயிறு உப்பிய குழந்தைகள். அவரைத் துரத்தி வந்த சிறுவர்கள் எதையோ கேட்டார்கள். காசு என்று நினைத்தார். அவர்கள் கேட்டது கொய்னா மருந்து. கொய்னா என்ற சொல்லை நான் முதலில் கேட்டது என் பாட்டியிடம். தோட்டத்தில் வரிசையாக நிற்கவைத்துக் கொடுத்த அதன் கசப்பைச் சொல்லும்போதே அவர் முகத்தைச் சுளிப்பார். அதைப் பிச்சையாகக் கேட்ட பிள்ளைகளும் உலகில் இருந்திருக்கிறார்கள் என்பது என்னைச் சிறிது நேரம் பக்கத்தைத் திருப்பவிடவில்லை.

மத்தேராவை உலகுக்குக் காட்டியவர் கார்லோ லேவி என்று எல்லாரும் எழுதுகிறார்கள். உண்மையில் அந்தப் பக்கங்களில் இருப்பது லூயிசா கண்டது. அவர் சொல்லக் கேட்டதாகவே லேவி எழுதியிருக்கிறார். புகழில் மட்டும் சகோதரியின் பங்கு கரைந்துவிட்டது. இதை யாராவது சொல்லியாக வேண்டும் என்று எனக்குத் தோன்றியது.

சகோதரி கொண்டுவந்த மருந்துகளோடு லேவியின் பணி சூடுபிடித்தது. அப்போதுதான் மத்தேராவிலிருந்து ஆணை வந்தது: தண்டனைக்காரர் மருத்துவம் பார்க்கக் கூடாது. அதன்பிறகு ஒருநாள், தொலைவிலிருந்த பண்ணை ஒன்றிலிருந்து ஒருவர் ஓடி வந்தார். வயிற்று வலியால் துடிக்கும் நோயாளியைப் பார்க்க வர வேண்டும் என்றார். ஊர் எல்லையைத் தாண்ட அனுமதி தேவை. ஊர்த்தலைவர் ஆணையைக் காட்டி மறுத்தார். கெஞ்சலும் வாதமுமாக மணிகள் ஓடின. ஒருவழியாக அனுமதி கிடைத்துக் கழுதையில் ஏறிப் போய்ச் சேர்ந்தபோது, குடல் அழற்சி முற்றி வயிற்றறை முழுதும் பரவியிருந்தது. அன்றிரவு படுக்கையருகே உட்கார்ந்து அந்த மனிதர் இறப்பதைப் பார்த்துக்கொண்டிருப்பதைத் தவிர லேவியால் எதுவும் செய்ய இயலவில்லை.

குடல்வால் அழற்சியை இன்று நாங்கள் முதல் வாரங்களிலேயே படித்துவிடுகிறோம். எத்தனை மணி நேரத்துக்குள் அறுவை செய்ய வேண்டும் என்று தேர்வுக்காக மனப்பாடம் செய்கிறோம். அந்த மணிகளைக் கையொப்பத்துக்காகக் காத்திருந்தே ஒருவர் இழந்தார் என்பதை எந்தப் பாடநூலும் சொல்லவில்லை.

செய்தி பரவியதும் ஊர் கொதித்தது. பொதுவாக எதற்கும் தலைகுனிந்து போகும் மக்கள் கோடரியும் துப்பாக்கியும் எடுத்தார்கள். ஊராட்சி அலுவலகத்தைக் கொளுத்திவிடலாம் என்ற பேச்சும் எழுந்தது. லேவிதான் அவர்களைத் தணித்தார். பிறகு மனு எழுதிக் கையெழுத்துத் திரட்டினார்கள். அதுவும் போதாதென்று தெருவில் ஒரு நாடகம் போட்டார்கள். முகமூடி அணிந்து, நல்ல மருத்துவர் ஒருவரைக் குணப்படுத்தவிடாமல் தடுப்பதை ஊராருக்கு நடித்துக் காட்டினார்கள். எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் ஆட்சியாளர்கள்மீது தொடுத்த வழக்கு அது எனலாம்.

லேவியை மகானாக்கிக் காட்ட நான் விரும்பவில்லை. அவர் வீட்டு வேலை செய்த பெண், தன்னைப் படமாக வரைந்தால் தன்மேல் வரைந்தவருக்கு ஆதிக்கம் வந்துவிடும் என்று நம்பி உட்கார மறுத்தார். கையை ஓங்கி, அடிப்பதாக மிரட்டித்தான் அவரை உட்காரவைத்ததாக லேவியே எழுதியிருக்கிறார். அந்தப் பெண்ணுக்கு அதில் மகிழ்ச்சி என்றும் எழுதுகிறார். அந்தப் பெண் எழுதியிருந்தால் என்ன எழுதியிருப்பார்? அந்தப் பக்கத்தை நான் நம்பவில்லை.

தண்டனைக் காலத்தின் நடுவே, உறவினர் மறைவுக்காகக் காவலோடு சில நாள் துரினுக்குச் சென்றுவர அவருக்கு அனுமதி கிடைத்தது. அங்கே பழைய நண்பர்கள் தென்னாட்டு வறுமையைப் பற்றி ஆர்வமாகக் கேட்டார்கள். ஆளுக்கொரு தீர்வு சொன்னார்கள். கட்சிகள் வேறுபட்டாலும் எல்லாத் தீர்வுகளிலும் ஒன்று பொதுவாக இருந்தது: அரசு இதைச் செய்ய வேண்டும், அதைச் செய்ய வேண்டும். லேவிக்கோ அவர்களிடமிருந்து தான் வெகுதூரம் விலகிவிட்டதாகத் தோன்றியது. ஆட்டு வரியைப் போட்டதும் அரசுதான், மருத்துவத்தைத் தடுத்ததும் அரசுதான். விவசாயிகள் தங்கள் ஊரைத் தாங்களே ஆளும் வழி பிறக்காதவரை, மேலிருந்து யார் வந்து ஆண்டாலும் அவர்களுக்கு ஒன்றுதான் என்ற முடிவோடு அவர் அலியானோவுக்குத் திரும்பினார்.

1936 மே மாதம் இத்தாலியப் படை எத்தியோப்பியாவின் தலைநகர் அடிஸ் அபாபாவைப் பிடித்தது. அந்த வெற்றிக் களிப்பில் அரசு பொதுமன்னிப்பு அளித்தது. மூன்றாண்டுத் தண்டனை ஓராண்டிலேயே முடிந்தது. விவசாயிகள் அவரைப் போகவிட மனமின்றித் தவித்தார்கள். இங்கேயே தங்குங்கள், ஊரில் ஒரு நல்ல பெண்ணைக் கட்டிக்கொள்ளுங்கள், உங்களையே ஊர்த்தலைவராக்குகிறோம் என்றெல்லாம் வேண்டினார்கள். போனால் திரும்பமாட்டீர்கள் என்றார்கள். திரும்பி வருவேன் என்று அவர் வாக்குக் கொடுத்தார். உடனே வர முடியவில்லை. 1939-இல் பிரான்சுக்குச் சென்றார். போரின் நடுவே இத்தாலிக்குத் திரும்பினார். 1943-இல் புளோரன்ஸ் நகரில் மீண்டும் சிறை. முசோலினி வீழ்ந்ததும் வெளியே வந்தார். அடுத்து ஜெர்மானியப் படை நகரைக் கைப்பற்ற, யூதரான அவர் ஒரு வீட்டுக்குள் ஒளிந்துகொள்ள நேர்ந்தது.

1943 டிசம்பர் முதல் 1944 சூலை வரை அந்த அறையில் இருந்துகொண்டு, எட்டு ஆண்டுகளுக்கு முன் கண்ட ஊரை எழுதினார். 1945-இல் நூல் வெளிவந்தது. கிறிஸ்து எபோலியோடு நின்றுவிட்டார் என்பது அதன் தலைப்பின் பொருள். எபோலி என்பது, சாலையும் இரயில் பாதையும் கடற்கரையை விட்டு லுக்கானியா மலைகளுக்குத் திரும்பும் இடத்தில் உள்ள ஊர். அந்த மக்களின் வழக்கில் கிறிஸ்தவர் என்றால் மனிதர் என்று பொருள். எங்களை யாரும் மனிதராகக் கணக்கில் எடுப்பதில்லை, நாகரிகமும் நம்பிக்கையும் எபோலிக்கு அப்பால் வந்ததில்லை என்று அவர்கள் தங்களைப் பற்றிச் சொல்லிக்கொண்டதையே அவர் தலைப்பாக்கினார்.

நூல் பல மொழிகளுக்குச் சென்றது. நாடு வெட்கப்பட்டது. 1948-இல் பொதுவுடைமைக் கட்சித் தலைவர் தொல்யாத்தி மத்தேராவுக்கு வந்தார். 1950-இல் பிரதமர் தெ காஸ்பெரி வந்தார். 1952-இல் தனிச் சட்டம் ஒன்று இயற்றி, ஏறக்குறைய 15,000 பேரைக் குகைகளிலிருந்து புதிய குடியிருப்புகளுக்கு மாற்றும் பணியைத் தொடங்கினார்கள். மின்சாரம், தண்ணீர், சன்னல் எல்லாம் கிடைத்தன. இது நல்லதுதான், ஐயமில்லை. ஆனால் சாசியில் சில குகைகள் சேர்ந்து ஒரு பொது முற்றத்தை நோக்கித் திறந்திருக்கும். பிள்ளை வளர்ப்பும் துணி துவைப்பும் சண்டையும் சமாதானமும் அங்கேதான். வீடு மாறியபோது முற்றம் கூடவே வரவில்லை. எங்கே போக விருப்பம் என்று அந்த மக்களைக் கேட்டு முடிவெடுத்தவர்கள் மிகக் குறைவு. லேவி துரினில் நண்பர்களிடம் கண்ட அதே குறை!

காலி செய்யப்பட்ட குகைகள் பாழடைந்து கிடந்தன. 1986-இல் இன்னொரு சட்டம் அவற்றைப் புதுப்பிக்க வழிசெய்தது. 1993-இல் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமாக அறிவித்தது. 2019-இல் மத்தேரா ஐரோப்பியப் பண்பாட்டுத் தலைநகராக விளங்கியது. கழுதை கட்டியிருந்த குகைகள் இன்று தங்கும் விடுதிகள். லூயிசாவைப் பின்தொடர்ந்த பிள்ளைகளில் யாரேனும் ஒருவர் முதுமையில் அங்கே ஓர் அறையின் வாடகையைக் கேட்டிருந்தால் என்ன நினைத்திருப்பார்?

லேவி போருக்குப் பிறகு உரோம் நகரில் வாழ்ந்தார். தெற்கை விடவில்லை. சிசிலித் தீவின் விவசாயிகளைப் பற்றி எழுதிய நூல் 1955-இல் வந்தது. இத்தாலி ஒன்றிணைந்த நூற்றாண்டு விழாவுக்காக 1961-இல் பதினெட்டு மீட்டருக்கும் அதிக நீளமுள்ள ஓவியம் ஒன்றைத் தீட்டினார். அதில் லுக்கானியா மக்களே நிறைந்திருக்கிறார்கள். இளவயதில் மறைந்த திரிகாரிகோ ஊரின் கவிஞரும் மேயருமான ரொக்கோ ஸ்கொத்தெல்லாரோவின் நினைவுக்கு அதை உரியதாக்கினார். அந்த ஓவியம் இப்போது மத்தேராவில் உள்ளது. 1963 முதல் 1972 வரை பொதுவுடைமைக் கட்சிப் பட்டியலில் கட்சி சாராதவராக நின்று செனட்டராகப் பணியாற்றினார். பிழைப்புக்காக நாட்டைவிட்டுப் போன தொழிலாளர்களுக்கென 1967-இல் ஒரு கூட்டமைப்பையும் உருவாக்கினார். 1973-இல் விழித்திரை பிரிந்து கண் அறுவை செய்துகொண்டபோது, பார்வையின்றிக் கிடந்த நாள்களிலும் சும்மா இருக்கவில்லை. கையை வரிபிசகாமல் நடத்த ஒரு சட்டத்தைச் செய்யச்சொல்லி, அதன் உதவியால் இருட்டிலேயே எழுதினார்.

4 சனவரி 1975-இல் உரோமில் காலமானார். துரினில் அவர் அடக்கம் செய்யப்படவில்லை, உரோமிலும் இல்லை. அலியானோவில் தண்டனைக் காலத்தில் அவர் நடக்க அனுமதித்திருந்த எல்லையில், ஊருக்கு மேலே ஒரு கல்லறைத் தோட்டம் இருந்தது. கோடை வெயில் தாங்காத பகல்களில், யாருக்கோ வெட்டிவைத்த புதிய குழிக்குள் இறங்கி, குளிர்ச்சிக்காகப் படுத்துக்கொண்டு வானத்தைப் பார்ப்பாராம். அவருடைய நாய் பரோனே அருகில் படுத்திருக்கும். வாக்குக் கொடுத்தபடி அவர் திரும்பி வந்தது அந்தக் கல்லறைத் தோட்டத்துக்குத்தான். அவருடைய கல்லறை இன்றும் அங்கே, களிமண் மலைகளைப் பார்த்தபடி இருக்கிறது.